குழந்தைகள் மூலையில் தண்டவாளம்

மாநகராட்சிக் கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தணிகாசலம் தம் குருவைத் தேடி வந்தார். தணிகாசலம் நகரத்தின் போக்குவரத்துப் பொறியாளர். குரு அவரைவிட வயதில் சின்னவர். மயானச் சாலையில் தையல் கடைக்கு மேலே ஒற்றை அறையில் தனியாக இருந்த பெண். ஆனாலும் தணிகாசலம் அவரை அம்மா என்றுதான் அழைப்பார்.

"டிராம் விடறதா, பஸ் விடறதா? நாளைக்கு நான் ஒண்ணு சொல்லியாகணும் அம்மா. நான் சொல்றதைத்தான் செய்வாங்க."

"எங்கேருந்து எங்கே?"

"சந்தையிலேருந்து மேட்டு காலனிக்கு."

மேட்டு காலனி மயானத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஊருக்குள் குடிசைகளைக் காலி செய்தபோது, அங்கிருந்தவர்களை அள்ளிக்கொண்டு போய்ப் போட்ட இடம்.

"உங்க மனசுல எது?"

"பஸ்தான். செலவு கம்மி. ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தா சுத்திப் போகும். எங்க வேணும்னாலும் திருப்பிக்கலாம். டிராம் நிறையப் பேரை ஏத்தும், புகை கிடையாது, நெரிசல்ல மாட்டிக்காது. ஆனா போட்ட தடத்தை விட்டு நகராது. ஒரு வண்டி நின்னுபோனா பின்னாடி வர்றது அத்தனையும் நிக்கும்."

"இவ்வளவு தெளிவா இருக்கீங்களே. அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

ஒரு பக்கம் கால்வாய் இருந்ததால் டிராம் தடத்துக்கு மயானத்தின் வடக்கு மூலையை விட்டால் வழியில்லை. அது குழந்தைகளைப் புதைக்கிற இடம். தணிகாசலத்தின் மகள் மதுரவல்லி அங்கேதான் இருந்தாள். பேச்சு வர ஆரம்பித்த வயதில் காய்ச்சலில் போனவள். பால் ஊற்றிவிட்டு வீட்டுக்கு வந்தவர், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. பஸ் என்று சொல்லிவிட்டால் அவளை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

"விடிஞ்சதும் வாங்க" என்றார் குரு.

மறுநாள் காலை இருவரும் வடக்கு மூலையில் போய் நின்றார்கள். முழங்கால் உயரத்துக்குப் பனி கிடந்தது. மேட்டு காலனிப் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கையில் சாப்பாட்டுத் தூக்கு, கூடை, மண்வெட்டி. எல்லோரும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள். குருவும் தம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். அத்தனை பேர் வந்தும் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை.

மூலைக்கு வந்ததும் ஒவ்வொருவரும் குனிந்து மண்ணைப் பார்த்துப் பேசினார்கள்.

"தள்ளிக்கோ கண்ணு. வழி விடு."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தார்கள். படுத்திருக்கும் பிள்ளை காலை மடக்கிக்கொள்ளட்டும் என்று நிற்பதைப் போல. பிறகுதான் அடி எடுத்து வைத்தார்கள்.

தணிகாசலம் இரண்டு அடி முன்னே போனார். கூடை வைத்திருந்த ஒரு பெண்ணிடம், "பஸ் கிடையாதாம்மா?" என்று கேட்டார்.

"விட்டாங்க சார். நல்லாத்தான் ஓடுச்சு. கலெக்‌ஷன் இல்லேன்னு ஒருநாள் வேற பக்கம் திருப்பிட்டாங்க. சுத்திப் போனா வேலைக்கு லேட்டாயிடுது. அதான் இப்படியே வர்றோம்."

"யார்கிட்ட பேசுறீங்க?"

"பசங்க தூங்குற இடம் சார். கேக்காம எப்படி மிதிக்கிறது?"

அவள் நாலு அடி நடந்து ஓரிடத்தில் நின்றாள். "தள்ளிக்கோ கண்ணு" என்றாள். காத்திருந்தாள். மறுபடி சொன்னாள். அவளுக்குப் பின்னால் வரிசை முழுவதும் நின்றுவிட்டது. யாரும் முணுமுணுக்கவில்லை.

"என்னம்மா ஆச்சு?"

"இந்தப் பாப்பா மட்டும் லேசுல நகராது சார். தினமும் இதே பாடுதான். யாரோ வரணும்னு பாத்துக்கிட்டே கிடக்குது."

தணிகாசலம் கீழே பார்த்தார். புல்லுக்குள் ஒரு நீலக் கல் தெரிந்தது. தம் வீட்டுத் தரையிலிருந்து பெயர்த்துவந்து அடையாளத்துக்கு அவரே பதித்த கல். அவருக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வல்லி" என்றார். "அப்பாதான் வந்திருக்கேன். இவங்க வேலைக்குப் போகணும். கொஞ்சம் தள்ளிக்கோ கண்ணு."

அவருடைய சுண்டுவிரலைக் குளிர்ச்சியாக ஏதோ பற்றியது. இறுகப் பற்றியிருந்தது. பிறகு விட்டது.

"நகர்ந்துடுச்சு" என்றாள் அந்தப் பெண், அவரைப் பார்க்காமலே. அவள் கடந்து போனாள். பின்னால் வரிசையும் போனது.

கடைசி ஆள் போகும்வரை தணிகாசலம் எழுந்திருக்கவில்லை. அழுது முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"மறுபடியும் பஸ்ஸே விட்டா என்னம்மா?"

"திருப்பிக்கலாம்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க."

"டிராம் விட்டா இவ மேலேயே போகுமே."

"இப்பவும் அப்படித்தான் போறாங்க."

"இவங்க ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போறாங்க அம்மா. டிராம் கேக்குமா?"

குரு கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டு மாட்டிக்கொண்டார்.

"டிராமுக்கு மணி உண்டே, ஐயா."