காட்டுப் பனிக்கு எந்த ஸ்கீ

"ரீச்சர், காட்டுக்குள்ளை போறதுக்கு எந்த ஸ்கீ நல்லது?"

புவனேந்திரன் வாசலில் நின்றபடியே கேட்டார். சப்பாத்தில் ஒட்டியிருந்த பனியைக்கூடத் தட்டவில்லை.

சுகிர்தா ரீச்சர் ஒரு ஸ்கீப் பலகையைக் கவிழ்த்துப் போட்டு, அதன் அடியில் மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரோடை போறீங்கள் அண்ணை?"

"நான் ஸ்கீயைப் பற்றிக் கேட்டனான்."

"நானும் அதைப் பற்றித்தான் கேட்டனான்."

ரீச்சரின் பேச்சு இப்படித்தான் இருக்கும். நேராக ஒரு பதில் வாங்குவதென்றால் பல்லுப் பிடுங்குகிற பாடு. வயதில் புவனேந்திரனைவிட நல்லாய் இளையவர். ஆனாலும் அந்தச் சுவிஸ் மலையூரில் இருக்கிற தமிழ்ச் சனம் முழுக்க அவரை ரீச்சர் என்றுதான் கூப்பிடும். ஸ்கீ திருத்துகிற கடை ஒன்று வைத்திருந்தார். காட்டுக்குள் சறுக்கப் பழகுகிறவர்களை மலைக்குக் கூட்டிக்கொண்டும் போவார்.

புவனேந்திரன் ஹோட்டல் சமையல்காரர். ஐம்பது தாண்டி ஸ்கீ பழகினவர். விழுந்தார், எழும்பினார், முழங்கால் வீங்கிப் படுத்தார், பிறகும் விட்டாரில்லை. லேசுப்பட்ட ஆள் இல்லை அவர்.

"மகளோடை," என்றார்.

ரீச்சர் மெழுகைக் கீழே வைத்தார்.

மகள் மிதுனாவுக்கு இருபது வயது. பிறவியிலேயே காது கேளாது. சறுக்குவதில் அந்த ஊரில் அவளை அடிக்க ஆள் கிடையாது. அதெல்லாம் திறந்த சரிவில் மட்டும்தான். காட்டுக்குள் அவளைக் கூட்டிக்கொண்டு போக ஒருவரும் சம்மதிக்கவில்லை.

அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. புதுப்பனி கொட்டினால் ஊசியிலை மரங்களின் கீழ்க்கிளைகள் அதைத் தாங்கிக்கொள்ளும். அடிமரத்தைச் சுற்றி வெறும் குழி இருக்கும். மேலால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதற்குள் தலைகீழாக விழுந்தவர் தானாக வெளியே வருவது பெரிய பாடு. பக்கத்தில் ஒருவர் இருந்து உடனே இழுத்தெடுக்க வேண்டும்.

ஆகையால் காட்டுக்குள் போகிறவர்கள் சோடியாகத்தான் போவார்கள். மரங்களுக்குள் ஆளை ஆள் தெரியாது. கொஞ்சத் தூரத்துக்கு ஒருக்கால் ஒருவர் 'ஓ' என்று குரல் கொடுப்பார். மற்றவர் 'ஓ' என்பார். மறுகுரல் வராவிட்டால் தேடப் போகவேண்டும்.

குரல் கேளாத பிள்ளையோடு எப்படிப் போவது என்று ஸ்கீ கிளப்பில் சொல்லிவிட்டார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். மிதுனா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். விடிந்ததும் தகப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்து, கையால் சொன்னாள்.

"அப்பா, நீங்கள் வாங்கோ என்னோடை."

அவர் ஓம் என்றுவிட்டார். பெத்த மனம் வேறென்ன சொல்லும்?

"அவள் காத்து மாதிரிப் போவாள் ரீச்சர். நான் அவளை விடாமல் பிடிக்கவேணும். அதுக்கேத்த ஸ்கீ வேணும்."

ரீச்சர் சுவரைக் காட்டினார்.

"எடுங்கோ."

புவனேந்திரன் இருந்ததற்குள் நீட்டான, அகலமான சோடியை எடுத்தார். கடை வாசலில் அவற்றை நிமிர்த்திப் பிடித்தபோது அவரைவிட உயரமாக இருந்தன. அவருக்குச் சந்தோசம்.

ரீச்சர் தன் பங்குக்கு இன்னும் இரண்டு சோடியை எடுத்து முதுகுப் பையில் கட்டிக்கொண்டு, மலைக்கு ஏற்றிவிடுகிற லிஃப்டுக்கு நடந்தார்.

மேலே மரமில்லாத வெளி. முழங்காலளவு புதுப்பனி. புவனேந்திரன் படகு மாதிரி மிதந்து போனார். அடியில் சத்தமே இல்லை.

"ரீச்சர், இதுதான் ஸ்கீ," என்று திரும்பிச் சொன்னார்.

"ஓம் ஓம். இனி மரம் வருது."

மரம் வந்தது. ஸ்கீ திரும்ப மாட்டேன் என்றது. அவர் இடுப்பை வளைத்தார், தோளை வளைத்தார், கடைசியில் ஒரு மரத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சி முடிச்சிட்டு வாங்கோ," என்றார் ரீச்சர்.

இரண்டாவது சோடி ஒடுக்கமானது. இறுகிய பாதையில் எல்லாரும் போடுகிற வகை. அது நினைத்த பக்கம் திரும்பியது. ஆனால் பனியில் அமிழ்ந்தது. நாலு எட்டுப் போவதற்குள் தொடைவரை புதைந்து நின்றார்.

"கிணறு வெட்டவோ வந்தனீங்கள்?"

புவனேந்திரனுக்கு மூச்சு வாங்கியது. கோபமும் வந்தது. ஆனாலும் மூன்றாவதைக் கட்டினார். அது நீளத்தில் கட்டை. மூக்கு அகலம், நடு கொஞ்சம் ஒடுக்கம், வால் வளைந்து கொடுக்கும். மிதந்தது. மரத்துக்கு மரம் சொன்ன சொல் கேட்டுத் திரும்பியது. அவர் விழாமல் காட்டின் அடிவரை வந்து சேர்ந்தார்.

"என்ன அண்ணை, எப்பிடி?"

"திரும்புது. மிதக்குது. எல்லாம் சரி."

"பிறகென்ன?"

"ஆமை மாதிரிப் போகுது ரீச்சர். இதைக் கட்டிக்கொண்டு என்ரை பிள்ளையை நான் எப்பிடிப் பிடிக்கிறது?"

"ஏன் பிடிக்கவேணும்?"

"அவளுக்குப் பின்னாலை நான் நிக்கவேண்டாமோ?"

"ஏன் பின்னாலை?"

இப்போது அவருக்கு உண்மையாகவே சினம் ஏறிவிட்டது.

"ஏனோ? றோட்டிலை கார் வந்தால் அவளுக்குக் கேக்காது. சைக்கிள் மணி அடிச்சால் கேக்காது. அவள் நடக்கத் தொடங்கின நாள் தொட்டு நான் பின்னாலைதான் நடந்தனான். பள்ளிக்கூடத்துக்கு, கடைக்கு, கோயிலுக்கு, எங்கை போனாலும் அவள் முன்னாலை, நான் பின்னாலை. என்ரை கண் அவளிலை இருக்கிற வரைக்கும் அவளுக்கு ஒண்டும் நடவாது."

சொல்லி முடித்ததும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ரீச்சருக்கும் மனம் கரைந்துதான் போயிற்று. ஆனால் அதைச் சொல்லவில்லை.

"நாளைக்கு மிதுனாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. உங்கடை ஆசைப்படி நீட்டு ஸ்கீயையே போடுங்கோ."

அடுத்த நாள் மூன்று பேரும் போனார்கள். மரங்கள் ஐதாக, விலகி விலகி நிற்கிற பக்கமாக ரீச்சர் கூட்டிப்போனார். கட்டைச் சோடி அவருடைய முதுகில் இருந்தது.

முன்னால் மிதுனா. பின்னால் தகப்பன். கடைசியில் ரீச்சர்.

மிதுனா காட்டை அண்ணாந்து பார்த்தாள். எத்தனையோ வருசமாக வெளியில் நின்று பார்த்த காடு. தகப்பனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பிறகு விட்டாள் ஒரு ஓட்டம். மஞ்சள் ஜாக்கெட் மரங்களுக்குள் இடமும் வலமுமாகப் பறந்தது.

புவனேந்திரன் நெஞ்சு நிறைந்துபோய்ப் பின்னால் போனார். நீட்டு ஸ்கீ நல்ல வேகம் கொடுத்தது. பிடித்துவிடலாம் போலத்தான் இருந்தது.

அந்த நேரம் ரீச்சர் பக்கத்தில் வந்தார். கையிலிருந்த ஸ்கீத்தடியால் அவரின் தோளில் ஒரு தள்ளுத் தள்ளினார்.

அவர் பக்கவாட்டாக விழுந்தார். ஒரு ஸ்கீ கழன்று போயிற்று. மற்றது காலோடு பனிக்குள் மாட்டிக்கொண்டது. எழும்புவதற்குக் கையை ஊன்றினார். ஊன்றிய கை தோள்மூட்டுவரை உள்ளே போனது.

"என்ன ரீச்சர், உங்களுக்கு விசரோ?"

"கூப்பிடுங்கோ," என்றார் ரீச்சர்.

"ஆரை?"

"உங்கடை சோடியை."

புவனேந்திரன் தலையைத் தூக்கிப் பார்த்தார். கீழே மஞ்சள் நிறம் போய்க்கொண்டிருந்தது.

"மிது."

அது போய்க்கொண்டே இருந்தது.

"மிதூ. பிள்ளை. இஞ்சை பார்."

தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். மஞ்சள் நிறம் ஒரு மரத்துக்குப் பின்னால் போனது. பிறகு தெரியவில்லை.

அவர் கூப்பிடுவதை நிறுத்தினார். மீசையெல்லாம் பனி.

"அவளுக்குக் கேக்காது," என்றார். இருபது வருசமாகத் தெரிந்த விசயம். அன்றைக்குத்தான் அவருக்கு அதைச் சொல்லும்போதே பயம் வந்தது.

ரீச்சர் கையைக் கொடுத்து இழுத்து எழுப்பிவிட்டார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை.

நெடுநேரம் கழித்துத்தான் மிதுனா மேலே வந்தாள். கீழே சமதரையில் நின்று திரும்பிப் பார்த்திருக்கிறாள். ஆளைக் காணவில்லை. புதுப்பனியில் கீழே போவது சுகம், மேலே ஏறுவது அப்படி இல்லை. ஒரு அடி வைத்தால் அரை அடி வழுக்கும். இடுப்பளவு பனியை நெஞ்சால் தள்ளித் தள்ளி ஏறி வந்தாள். தொப்பி எங்கேயோ விழுந்துவிட்டது. முகம் வெளிறிப் போயிருந்தது.

வந்ததும் தகப்பனின் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். பிறகு அதே இடத்தில் தலையை வைத்துக்கொண்டாள். அவர் அவளின் ஈரத் தலைமுடியைத் தடவியபடி நின்றார்.

கொஞ்சம் ஆறியதும் அவள் கையுறையைக் கழற்றிக் கேட்டாள்.

"விழுந்தீங்களோ?"

"ஓம்."

"கூப்பிட்டீங்களோ?"

அவர் தலையை ஆட்டினார்.

"நான் காணேல்லை அப்பா."

"நீ எப்பிடிக் காணுறது? நான் உனக்குப் பின்னாலை எல்லோ..."

அவருடைய கைகள் பாதி வசனத்தில் நின்றன.

மகளைப் பார்த்தார். ரீச்சரைப் பார்த்தார். ரீச்சர் ஒரு கிளையில் இருந்த பனியை மெனக்கெட்டுத் தட்டிக்கொண்டிருந்தார்.

புவனேந்திரன் பனியில் குந்தினார். காலில் மிஞ்சியிருந்த நீட்டு ஸ்கீயைக் கழற்றி வைத்தார்.

"ரீச்சர், உந்தக் கட்டையைத் தாங்கோ."

கட்டிக்கொண்டு எழும்பினார். மகளுக்கு முன்னால் போய் நின்றார். அந்த இடத்தில் நின்று அவருக்குப் பழக்கமே இல்லை. முதுகு கூசியது.

இரண்டு திருப்பம் போனார். மகள் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தார். விழுந்தார்.

எழும்பி ஒரு திருப்பம் போனார். திரும்பிப் பார்த்தார். ஒரு கிளை கன்னத்தில் அறைந்தது.

மூன்றாம் தரமும் கழுத்தைத் திருப்பினார். மிதுனா நேரே அவருக்கு முன்னால் வந்து நின்றாள். தகப்பனின் நாடியைப் பிடித்து முகத்தைப் பள்ளத்துப் பக்கம் திருப்பினாள். சின்னப் பிள்ளைக்குச் சோறு தீத்துகிறபோது பிடிப்போமே, அப்படி.

"முன்னுக்குப் பாருங்கோ அப்பா. மரத்துக்கு மரம் இருக்கிற இடைவெளியைப் பாருங்கோ. உங்களை நான் பாக்கிறன்."

"நீ விழுந்தால்? எனக்கு முதுகிலை கண் இருக்கோ?"

மிதுனா யோசித்தாள்.

அவள் குரல் இல்லாத பிள்ளை இல்லை. சின்ன வகுப்பில் அவள் வாய்விட்டு ஏதோ சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றைக்கு மூடிய வாய்தான். வீட்டிலும் திறக்கவில்லை. தகப்பன் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்து, அது அவளுக்கு நோகிறது என்று கண்டு, கேட்பதையே விட்டுவிட்டார்.

அவள் காட்டைச் சுற்றிப் பார்த்தாள். ரீச்சரைப் பார்த்தாள். ரீச்சர் சிரிக்கவில்லை. தகப்பனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, நெஞ்சு நிறைய மூச்செடுத்தாள்.

"ப்பா."

கரகரத்து, கோணி, பெரிதாக வந்தது அந்தக் குரல். மேலே இருந்த கிளை ஒன்று பனியைக் கொட்டியது.

புவனேந்திரனுக்குக் கண் நிறைந்துவிட்டது. கண்ணை மூடிப் போட்டிருந்த பனிக்கண்ணாடிக்குள் கையை விட்டுத் துடைக்க வழியில்லை.

திரும்பிப் பார்த்தார்.

"கேட்டதோ?" என்று கையால் கேட்டாள் மகள்.

"கேட்டது," என்று அவரும் கையால் சொன்னார்.

பிறகு முன்னால் திரும்பி, மெல்ல இறங்கிப் போனார்.