நாலு வளைக்கு ஒரே சுரங்கம்

வாய்க்கால் கரையில் நாலு எலி வளைகள் இருந்தன. வளைக்கு ஒரு குடும்பம். அவரவர் நெல் அவரவர் வளையிலேயே இருக்கும். மழைக்காலத்தில் ஏதாவது ஒரு வளையில் தண்ணீர் புகுந்துவிடும். எலிகள் தப்பினாலும் நெல் போய்விடும். அப்புறம் பட்டினிதான்.

இதற்கு ஒரு யோசனை சொன்னது மண்வாரி என்ற பெருச்சாளி. தோண்டுவதில் அதை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தக் கர்வமும் அதற்கு உண்டு.

"பனைமர மேட்டில் ஒரே குதிர் தோண்டுவோம்! எல்லா நெல்லும் அங்கே! நாலு வளையிலிருந்தும் சுரங்கம்! ஒரு வளை மூழ்கினால் அடுத்த வளைக்கு ஓடுங்கள். அங்கே போயும் அதே நெல்லைத் தின்னலாம்!"

எலிகள் குதியாய்க் குதித்தன.

குதிர் வரைக்கும் நாலு சுரங்கம் தோண்டப் பத்து நாள் ஆகும். மண்வாரி என்ன செய்தது தெரியுமா? நாலையும் வேலமரத்தடியில் ஒன்றாக்கி, அங்கிருந்து குதிருக்கு ஒரே சுரங்கமாக விட்டுவிட்டது. நாலே நாளில் வேலை முடிந்தது.

வெள்ளச்சி என்ற எலிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. அதற்குக் கண் திறக்காத ஐந்து குட்டிகள்.

"அண்ணே, வேலமரத்தடி இடிந்தால்?"

"இடியாது தாயி! நான் தோண்டினது!"

"இன்னொரு வழியும் இருந்தால்..."

"சும்மா நொய்நொய் என்காதே! சோதித்தே காட்டுகிறேன், பார்!"

முதல் வளையை மண் போட்டு மூடினார்கள். அந்தக் குடும்பம் இரண்டாவது வளைக்கு ஓடியது. நெல் கிடைத்தது! இரண்டாவதை மூடினார்கள். அப்போதும் கிடைத்தது! ஒரே கும்மாளம். வேலமரத்தடிச் சுரங்கத்தை மூடிப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை, பாவிகளுக்கு!

வெள்ளச்சி ஒரு பிடி நெல்லைத் தன் வளையில் ஒதுக்கி வைத்திருந்தது. பக்கத்து வளை எலி பார்த்துவிட்டது.

"பொது என்றான பிறகு ஒளித்து வைக்கிறாயே, வெட்கமாயில்லை?"

வெள்ளச்சிக்கு முகம் சுருங்கிப் போயிற்று. அந்த ஒரு பிடியையும் குதிரில் கொண்டுபோய்க் கொட்டியது.

மழை பிடித்துக்கொண்டது. முதல் வளை மூழ்கியது. குடும்பம் நகர்ந்தது, சாப்பிட்டது. இரண்டாவதும் மூழ்கியது. அப்போதும் குறையில்லை.

"பார்த்தாயா தாயி!" என்றது மண்வாரி.

அன்று மத்தியானம் வேலமரம் வேரோடு சாய்ந்தது. சுரங்கம் இடிந்தது.

எலிகள் எல்லாம் உயிரோடுதான் இருந்தன. குதிரில் ஒரு நெல் நனையவில்லை. நடுவில் வெறும் சேறு. வெளியே போகலாமென்றால் சுற்றிலும் வெள்ளம்.

"அண்ணே, நெல் வாசனை வருதே! சீக்கிரம்!"

"தோண்டுறேன் தாயி, தோண்டுறேன்!"

தோண்டத் தோண்டச் சேறு வந்து மூடியது. மண்வாரியின் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. வெள்ளச்சிக்குப் பால் வற்றியது. மூன்றாம் நாள் ஒரு குட்டியின் சத்தம் நின்றது. ஐந்தாம் நாள் ஒரு சத்தமும் இல்லை.

"அந்த ஒரு பிடி இருந்திருந்தால் பால் ஊறியிருக்கும், அண்ணே" என்றது வெள்ளச்சி.

மண்வாரி பிய்ந்த நகத்தோடு மறுபடியும் சேற்றைத் தோண்டப் போனது.

எட்டாம் நாள் வெள்ளம் வடிந்தது. மிச்சமிருந்த எலிகள் மேட்டின்மேல் ஏறி, மேலிருந்தே தோண்டிக் குதிரின் வாயைத் திறந்தன. நெல் காய்ந்து, வைத்தது வைத்தபடி கிடந்தது. வெள்ளச்சி அதைத் தொடவில்லை.

பலருக்கும் வேண்டியதை ஒரே இடத்தில் சேர்த்து வைப்பவர்கள், அதற்குப் போக இரண்டாவது வழியையும் வெட்டி வைக்க வேண்டும்.