புது செட்டப்புக்குப் பத்தியம்

கோயம்புத்தூரில், கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் ஸ்டியரிங் பிடித்து ஓட்டும் கார்ப் பந்தயம் நடந்தது. அதில் ஓர் அணிக்குத் தலைவன் துவாரகேஷ். அவன் ஓட்டினால் வளைவுக்கு வளைவு கார் வழுக்கும்; பழியைக் காரின் மேல் போடுவான். காரின் பிரேக், டயர், சஸ்பென்ஷன் எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டரில் எண்களை மாற்றிச் செட்டப் செய்து கொடுப்பவள் ஜெசிந்தா.

தகுதிச் சுற்றில் கடைசி வாய்ப்பு மட்டும் மிச்சமிருந்தது.

"செட்டப்பே சரியில்ல. இப்பவே சுத்து நேரத்துல ரெண்டு செகண்ட் குறையோணும். இல்லேன்னா நாளைக்கு நீ வர வேண்டாம்!" என்று எல்லார் முன்னாலும் கத்தினான்.

ஜெசிந்தா கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரம் கீபோர்டைத் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"புது செட்டப் ரெடிங்ணா. ஆனா இதுக்குப் பத்தியம் இருக்கு. வளைவுக்கு முன்னாடியே பிரேக் புடிச்சு, மெதுவா விடோணும். ஸ்டியரிங் நேராகுற வரைக்கும் ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிக்கக் கூடாது. மீறுனா கார் சுத்திரும்."

பயந்துகொண்டே அவன் அப்படியே ஓட்டினான். முடிவுக் கோட்டைத் தாண்டியபோது இரண்டு செகண்டுக்கும் மேலேயே குறைந்திருந்தது.

"பாத்தீங்களா? கோளாறு கார்லதான்னு அப்பவே சொன்னேன்!" என்று துள்ளினான் துவாரகேஷ். "ஜெசிந்தா, என்ன மாத்துனேன்னு எல்லாருக்கும் காட்டு."

அவள் திரையைத் திருப்பினாள். அதே பழைய செட்டப். ஓர் எண்கூட மாறவில்லை.

"காரை நான் தொடவே இல்லீங்ணா," என்றாள் ஜெசிந்தா. "ஓட்டுறவரு சரியாயிட்டாரு. இனி வேணும்னா காரைப் பாக்கலாம்."