மூன்று சுழி அணை

நெடுங்கழி என்றொரு நாடு. உலகப் படத்தில் தேட வேண்டாம், அகப்படாது. அங்கே ஆட்சிமொழி தமிழ். மக்களுக்கு அதில் கர்வம் அதிகம். எனக்கும்தான்.

அந்த நாட்டின் பெரிய அணையில் விரிசல் விட்டது. கட்டி முடித்து ஏழு ஆண்டுதான் ஆகியிருந்தது. விரிசலைச் சரிசெய்ய வேண்டியவர்கள் செய்தியைச் சரிசெய்யக் கிளம்பினார்கள். ‘அணை’ என்ற எழுத்துகள் வரும் இணையப் பக்கங்கள் எல்லாவற்றையும் மூடும்படி அரசாணை வந்தது. அணைச் செய்திகள் மறைந்தன. கூடவே ‘தீயை அணைப்பது எப்படி’ என்று எழுதியிருந்த தீயணைப்புத் துறையின் பக்கமும் போயிற்று. பிள்ளையை அணைத்துப் பாடும் தாலாட்டுகளும் போயின. வடிகட்டும் எந்திரத்துக்கு எழுத்துத் தெரியும், பொருள் எங்கே தெரியப்போகிறது?

அணைக்குக் கீழே ஆற்றோரம் பூவந்துறை. அங்கே அச்சகத்தில் பிழை திருத்துபவர் கோமளவல்லி. ஆறு ஆண்டுகளாக அணையின் அளவுகோலை நேரில் பார்த்து, தினமும் காலையில் நீர்மட்டத்தைத் தம் இணையப் பக்கத்தில் எழுதி வந்தார். ஓர் எழுத்துப்பிழை இருந்ததில்லை. கல்யாணப் பத்திரிகை அடிப்பவர்கள்கூடச் சந்தேகம் வந்தால் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவார்கள்.

அவர் பக்கமும் மூடப்பட்டது. வேறு பெயரில் ஒன்று திறந்தார். அதுவும் மூடப்பட்டது. மூன்றாவதைத் திறந்தபோது, செல்போன் கடை வைத்திருக்கும் ஜெரால்டு வந்தார்.

“அக்கா, மூணு சுழிய ரெண்டு சுழியாக்கிடுங்க. ‘அனை’ன்னு போட்டா எந்திரத்துக்குத் தெரியாது. நமக்குப் புரிஞ்சிடும்.”

“உண்மையச் சொல்றதுக்குத் தப்பா எழுதணுமா? இன்னிக்கு ஒரு சுழியக் குடுத்தா நாளைக்கு எதக் கேப்பாங்க? போயிட்டு வாங்க தம்பி.”

ஆணை வந்த நான்காம் நாள் காலையில் விரிசல் வழியே தண்ணீர் பீறிட்டது. கோமளவல்லி ஓடிவந்து எழுதினார்: “அணை உடையப் போகிறது. உடனே மேட்டுக்குப் போங்கள்.” எழுதிய நொடியே பக்கம் மூடிக்கொண்டது. அருகில் நின்ற ஜெரால்டு அவரைக் கேட்கவில்லை. அதே வரியில் ஒரு சுழியைக் குறைத்து, அடியில் கோமளவல்லியின் பெயரைப் போட்டு, தம் கடையின் இணையப் பக்கம் வழியே ஆற்றோரத்துப் பதினொரு ஊர்களுக்கும் அனுப்பிவிட்டார்.

கடைசி ஊரில் பரிசல் ஓட்டும் சந்தனமாரி அதைப் படித்ததும் கத்தினாள்: “அந்தம்மா எழுதினதுல எழுத்துப்பிழையா? என்னமோ பெருசா நடக்குது. கெளம்புங்க!”

பதினொரு ஊரும் மேடேறின. பிற்பகல் அணை உடைந்தது. வீடுகள் போயின, வயல் போயிற்று, ஓர் உயிர்கூடப் போகவில்லை. நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அரசு வெட்கப்பட்டதா என்றால், இல்லை. ‘அனை’யையும் மூடு என்றது. வடிகட்டி அலுவலகப் பொறியாளர் திருமேனிக்கு விளைவு தெரியும். தெரிந்தும் வாய் திறக்காமல் அந்த எழுத்துகளைப் பட்டியலில் சேர்த்தார். ‘அனைத்து’, ‘அனைவரும்’ என்று எழுதியிருந்த பக்கங்கள் எல்லாம் கண்ணை மூடின. அரசுப் பக்கங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. “அனைவருக்கும் வணக்கம்” என்று தொடங்கிய பாவத்துக்கு அமைச்சரின் அறிக்கையே வெளிவரவில்லை! மருத்துவமனைகளின் பக்கங்களும் சேர்ந்து மூடியதில் நோயாளிகள் ஒருநாள் முழுக்க அல்லாடினார்கள். மறுநாள் அரசாணை திரும்பப் பெறப்பட்டது. இணையம் முழுதும் திறந்தது.

பூவந்துறை மேட்டில் ஒரு பலகை நடுவதென்று ஊர் கூடி முடிவு செய்தது. “நம்மைக் காத்தவர்” என்ற வரியின் கீழே ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம். மூவருமே அது தமக்குரியது என்றார்கள்.

“பயப்படாம எழுதினது நான்” என்றார் கோமளவல்லி.

“ஊர் ஊராக் கொண்டுபோய்ச் சேத்தது நான்” என்றார் ஜெரால்டு.

“அந்த ஆணையையே கவுத்தது நான்” என்றார் திருமேனி.

மூன்று பேச்சிலும் பொய் இல்லை. இப்போது நீங்கள் சொல்லுங்கள்: பலகையில் யார் பெயரை எழுதுவது நியாயம்?

விடை: கோமளவல்லியின் பெயரை. திருமேனி கெட்டிக்காரர்தான், ஆனால் அவர் கைவைத்தது உயிர்கள் தப்பிய பிறகு, அதற்கு விலை கொடுத்தவர்கள் நோயாளிகள். ஜெரால்டு உயிர்களைக் காத்தவர், அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அவர் அனுப்பிய செய்தியை ஊர் ஏன் நம்பியது? இதை நான் சொல்லவில்லை, கூட்டத்தில் எழுந்து ஜெரால்டே சொன்னார்: “கீழ என் பேரப் போட்டிருந்தா, இவனுக்கு எழுதத் தெரியலன்னு சிரிச்சிட்டு வீட்லயே இருந்திருப்பாங்க. அக்கா பேரு இருந்ததாலதான் அந்தத் தப்பே பேசுச்சு.” சொல்லிவிட்டு, தூரிகையை எடுத்துப் பலகையில் கோமளவல்லியின் பெயரைத் தம் கையாலேயே எழுதினார்.