இலக்கியாவின் தட்டு

மாணவிக்கு ஐம்பத்திரண்டு வயது. பெயர் செண்பகவல்லி. அரசு மனநல மருத்துவமனையில் பெண்கள் வார்டு முழுவதும் அவள் பொறுப்பு. ஆனாலும் வழி தெரியாமல் நிற்கும் நாளில், நர்சிங் பள்ளியில் தனக்குப் பாடம் சொன்ன ஃபிலோமினா டீச்சர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவாள்.

அன்றும் தட்டினாள்.

"குணமானவங்களையே நோயாளிகளுக்குத் துணையா வைக்கணும்னு ஆர்டர் வந்துச்சு டீச்சர். வச்சேன். பலிக்கல."

"யாரை வச்சே?"

"மரகதம்னு ஒருத்தி. நம்ம வார்டுல இருந்து போனவ. ஏழு வருஷமா நல்லா இருக்கா. இட்லிக் கடை வச்சிருக்கா."

"யாருக்குத் துணை?"

"இலக்கியான்னு ஒரு பொண்ணு. இருபத்து மூணு வயசு. சோத்துல விஷம் இருக்குன்னு நாலு நாளா தண்ணியைத் தவிர எதையும் தொடல. நாளைக்குக் காலையில கையைக் காலைக் கட்டி மூக்குல குழாய் விடப்போறாங்க. மரகதமும் மூணு நாளா கேட்டுக் கேட்டுப் பாக்கறா. அது சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குது."

"என்ன கேக்கறா?"

"பத்துக் கேள்வி எழுதிக் குடுத்திருக்கேன். மரியாதையா இருக்கட்டும்னு வெள்ளைக் கோட்டும் குடுத்தேன். உன் பழைய கதையை மட்டும் எடுக்காதேன்னு சொல்லியிருக்கேன். நீயும் இங்க கிடந்தவதான்னு தெரிஞ்சா யாரு மதிப்பா?"

டீச்சர் எழுந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

வார்டில் மதியச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. மரகதம் கோட்டும் தாளுமாக நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து, "ஆறாவது கேள்வி" என்று வாசித்துக்கொண்டிருந்தாள். இலக்கியாவின் முதுகுதான் தெரிந்தது. தட்டில் சாம்பார் சாதம் ஆறிக் கிடந்தது.

டீச்சர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். கடைக்குப் போய் வந்ததைச் சொல்வதுபோல அந்த முதுகிடம் சொன்னார்.

"நானும் இந்த வார்டுல நாப்பத்தேழு நாள் இருந்தேம்மா. அதோ, அந்த ஜன்னல் பக்கத்துக் கட்டில். எனக்கும் சோத்துல கலந்தாங்க."

செண்பகவல்லிக்கு முதலில் அது காதில் ஏறவில்லை. ஏறியபோது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இந்த வாயிலிருந்துதான் அவள் மனநோய்ப் பாடம் கேட்டாள். நோயாளியிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதுகூட இந்த வாய் சொன்னதுதான்.

இலக்கியா திரும்பாமலே கேட்டாள். "என்ன கலந்தாங்க?"

"பல்லி வால்."

"எனக்கு எலி மருந்து."

"அது இன்னும் மோசம்," என்றார் டீச்சர்.

இலக்கியாவின் முகம் திரும்பியது. "அப்புறம் எப்படிச் சாப்பிட்டீங்க?"

"பக்கத்துக் கட்டில்ல சுப்பாத்தான்னு ஒருத்தி. என் தட்டுலேர்ந்து மொதல்ல ஒரு வாய் அவ தின்னுட்டு உக்காந்திருப்பா. சாகறாளான்னு நான் பாத்துக்கிட்டே இருப்பேன். அஞ்சாம் நாள், மொத்தத்தையும் இவளே முடிச்சிருவா போலிருக்கேன்னு நானும் கையை வச்சேன்."

மரகதம் தலை நிமிர்ந்தாள். "மேடம், அவகூட உக்காந்து சாப்பிடறேன்னு மொத நாளே கேட்டேனே. அதெல்லாம் விதியில இல்லைன்னீங்க."

செண்பகவல்லி தடுக்கவில்லை. மரகதத்துக்கு அது போதும். கோட்டைக் கழற்றிக் கம்பியில் போட்டுவிட்டு, கட்டிலில் ஏறிச் சம்மணமிட்டு, ஒரு கவளம் உருட்டி வாயில் போட்டாள். முகம் கோணியது.

இலக்கியா எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "என்ன? என்ன பண்ணுது?"

"உப்பே இல்லடி. எலி மருந்து போட்டிருந்தாலாவது கொஞ்சம் ருசி வந்திருக்கும்."

இலக்கியா சிரிக்கவில்லை. மரகதத்தின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது கவளம் இறங்கியது. மூன்றாவதும் இறங்கியது. நாலாவதற்கு மரகதம் கை நீட்டியபோது, தட்டின் மறுபக்கம் ஒரு மெலிந்த கை வந்து நாலு பருக்கையை எடுத்துக்கொண்டு போனது.

டீச்சர் சத்தமில்லாமல் எழுந்து வராந்தாவுக்கு வந்தார். செண்பகவல்லி பின்னாலேயே வந்தாள்.

"அந்தப் பொண்ணுக்காகச் சொன்ன பொய்தானே, டீச்சர்?"

"ரெக்கார்டு ரூம்ல என் பேர்ல ஒரு கட்டு இருக்கும். கரையான் விட்டு வச்சிருந்தா."

முப்பத்து மூன்று வருடமாகப் பார்த்த முகம். புதிதாக யாரையோ பார்ப்பதுபோல செண்பகவல்லி அதைப் பார்த்தாள். கேட்டபோது குரலில் கோபமும் இருந்தது.

"ஒரு தடவைகூடச் சொல்லலையே. என்கிட்டகூடவா சொல்லக் கூடாது?"

"மொத நாள் வகுப்புல சொல்லியிருந்தா, ரெண்டாம் நாள் வந்திருப்பியா?"

வந்திருப்பேன் என்று சொல்ல செண்பகவல்லி வாயெடுத்தாள்.

டீச்சர் காத்திருந்தார்.