எடை போடாத கொசுறு

தாமரைக்குளத்துக் காட்டில் பொதியப்பன் என்றொரு பெருச்சாளி இருந்தான். கொசுறு இல்லாமல் எதையும் வாங்கமாட்டான். ஒரு கூடை கடலை வாங்கினாலும் சரி, ஒரே ஒரு கடலை வாங்கினாலும் சரி, வாங்கி முடித்த பிறகும் கையை நீட்டிக்கொண்டே நிற்பான். கொசுறு என்றால் உங்களுக்குத் தெரியாதா என்ன? எடை போட்டு முடிந்த பிறகு, கணக்கில் சேராமல், மனசார மேலே போடுகிற ஒரு பிடி. அந்தப் பிடி விழுந்தால்தான் பொதியப்பன் கடையை விட்டு நகர்வான்.

குளக்கரையில் இரண்டு பாறைகளுக்கு நடுவே இருந்த பொந்துதான் அவன் வீடு. உள்ளே விசாலம், வாசல் மட்டும் குறுகல். கல்யாணமான புதிதில் அவனும் மனைவி சிலம்பாயியும் பார்த்துப் பார்த்துப் பிடித்த வீடு அது. காட்டுப்பூனையின் தலை நுழையாத வாசல் வேண்டும் என்று தேடினார்கள். கிடைத்தது. அந்த வாசலில் ஒரு நாள் வீட்டுக்காரனே நுழைய முடியாமல் போவான் என்று யார் கண்டது?

அந்த நாள் ஆடி மாசத்தில் வந்தது. பக்கத்து ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றியிருந்தார்கள். சிந்தியது, மிஞ்சியது, சட்டியில் ஒட்டியது என்று ஒன்றையும் விடாமல் வழித்துவிட்டு, தொட்டுக்கொள்ளக் கருவாட்டையும் ஒரு கை பார்த்துவிட்டு, பொதியப்பன் ஆடி அசைந்து வீடு வந்து சேர்ந்தான். தலை உள்ளே போனது. தோள் போனது. வயிறு நின்றுவிட்டது.

சிலம்பாயி உள்ளேயிருந்து மீசையைப் பிடித்து இழுத்தாள். பக்கத்து மரத்தில் கடை வைத்திருக்கும் அணில் அஞ்சலை ஓடி வந்து பின்னாலிருந்து தள்ளினாள். அவள் தள்ளத் தள்ள இவன் ஏப்பம் விட்டானே தவிர ஒரு விரற்கடை நகரவில்லை. கடைசியில் சிலம்பாயி உள்ளேயிருந்து ஓங்கி ஓர் உதை விட்டாள். அவன் தொபுக்கென்று வெளியே வந்து, உருண்டு போய்க் குளத்துச் சேற்றில் விழுந்தான்.

அன்றிலிருந்து படுக்கை தாழம்புதரில். வேறு பொந்து தோண்டலாம் என்றால், தோண்டுகிற இடமெல்லாம் ஒன்று பாறை, இல்லையென்றால் சேறு. சிலம்பாயி வாசலில் சாப்பாட்டை நீட்டுவாள். அவன் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வெளியே கிடப்பான். விருந்தாளியைக்கூட இப்படி வைப்பதில்லை.

இந்த நேரத்தில்தான் டவுனிலிருந்து மைனா லில்லிபுஷ்பம் வந்து சேர்ந்தாள். ஏதோ ஒரு ஜிம்மின் ஜன்னல் மேல் கூடு கட்டியிருந்தவள். அங்கே பேசியதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அர்த்தம் கேட்டால் மட்டும் பறந்துவிடுவாள்.

அவள் ஒரு கெட்ட செய்தியோடு வந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் ஓடை வற்றிவிட்டதாம். காட்டுப்பூனை தன் குட்டிகளைக் கவ்விக்கொண்டு இந்தப் பக்கம் குடி வருகிறாளாம். எப்படியும் அமாவாசையன்று தாமரைக்குளத்துக்கு வந்துவிடுவாளாம்.

பொதியப்பன் புதரிலிருந்து துள்ளி எழுந்தான். பூனை வருவதற்குள் வீட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். இல்லையென்றால் அவன் பொதியப்பன் இல்லை, பூனைக்குப் பொட்டலம்.

"ஒண்ணும் பயப்படாதீங்க சார். எடை போட்டுச் சாப்பிடுங்க. எல்லாம் கலோரிதான்" என்றாள் மைனா.

"கலோரியா? அது எந்த ஊர்ப் பண்டம்?"

"பண்டம் இல்ல சார். கண்ணுக்கே தெரியாது. தின்னா ஒட்டிக்கும்."

"உண்ணி மாதிரியா?"

"உண்ணி வெளிய ஒட்டும். இது உள்ள ஒட்டும்."

அவ்வளவுதான். பொதியப்பனுக்கு உடம்பெல்லாம் அரிக்க ஆரம்பித்தது. அன்றைக்கே ஒரு விளாங்காய் ஓட்டை இரண்டாகப் பிளந்து, கொடியில் கட்டி, குச்சியில் தொங்கவிட்டான். தராசு தயார். புளியங்கொட்டைகள் படிக்கல் ஆயின. வேளைக்கு ஒரு புளியங்கொட்டை எடை, அதற்கு மேல் ஒரு துளி கூடாது. அதையும் ஒரே மூச்சில் தின்னாமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி தின்ன வேண்டும். இது மைனா சொன்ன சட்டம்.

அடடா, அந்த எடை போடுகிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! ஒரு கடலைப் பருப்பை வைப்பான். தட்டு லேசாகத் தாழும். எடுத்து, தோலை உரித்து, மறுபடி வைப்பான். அப்போதும் தாழும். முளையைக் கிள்ளிப் போடுவான். மூச்சுக் காற்று பட்டு எடை கூடிவிடக் கூடாது என்று மூக்கைப் பொத்திக்கொள்வான். தட்டின் மேல் ஈ உட்கார்ந்துவிட்டால் போச்சு, ஈயைத் திட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான். குளத்துத் தவளைகள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தன. பொதியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. நீங்களெல்லாம் கண்டதைத் தின்று ஊதிப் போய்விட்டீர்கள் என்று தவளைகளுக்கே புத்தி சொல்ல ஆரம்பித்துவிட்டான்.

இங்கேதான் ஒரு சங்கதி. கடலை வருவது அஞ்சலை கடையிலிருந்து. இவன் கிழங்கு தோண்டிக் கொடுப்பான், அவள் பதிலுக்குக் கடலையும் கொட்டையும் தருவாள். முன்பெல்லாம் ஒரு நாளைக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்கிக்கொள்வான். இப்போது கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி தின்ன வேண்டுமே! அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி வாங்கினான். அரைக் கடலை வாங்குவான், கையை நீட்டுவான். கால் கடலை வாங்குவான், கையை நீட்டுவான். ஒவ்வொரு தடவையும் கொசுறு விழுந்தது.

அஞ்சலைக்கு இளகிய மனசு. "என்னண்ணே, அரைக் கடலையோட நிறுத்திட்டீங்க! இப்படி வயித்தைக் காயப்போட்டா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்று கண் கலங்கிவிட்டாள். பாவம் பார்த்து, பார்த்து, ஒரு பிடி கொசுறு இரண்டு பிடியாயிற்று. பிறகு கடலையோடு முந்திரிப் பழமும் சேர்ந்தது. அதையெல்லாம் வீடு வரும் வழியிலேயே மென்று முடித்துவிடுவான். வந்து உட்கார்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அந்த அரைக் கடலையைப் பயபக்தியோடு தராசில் வைப்பான்.

திருட்டுத்தனம் என்று நினைக்காதீர்கள். அவன் மனசில் கள்ளமே கிடையாது. கொசுறு எந்தக் காலத்தில் கணக்கில் சேர்ந்தது, இப்போது சேர்வதற்கு?

தினமும் காலையில் வாசலில் நுழைந்து பார்ப்பான். தலை போகும், தோள் போகும், வயிறு நிற்கும். முதல் வாரம், புளியங்கொட்டை ஈரத்தில் ஊறி எடை கூடிவிட்டது என்று படிக்கல்லை மாற்றினான். அடுத்த வாரம் பாறை மேல் பழி போட்டான். மழைக்காற்று பட்டுக் கல் ஊதிவிட்டதாம்! சிலம்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். மைனாவைக் கேட்டதற்கு, அது தண்ணீர் எடை சார் என்று சொல்லிவிட்டுப் பறந்துவிட்டாள். உடனே பொதியப்பன் குளிப்பதை நிறுத்தினான். அதற்குப் பிறகு வேடிக்கை பார்க்க வந்த தவளைகளும் எட்டி உட்கார்ந்தன.

அமாவாசை நெருங்கியது. சிலம்பாயிக்குச் சோறு இறங்கவில்லை. புதரில் சருகு அசைந்தால்கூட அவள் வாசலுக்கு ஓடி வந்து எட்டிப் பார்ப்பாள். அரைக் கடலை தின்கிற மனுஷனுக்கு வயிறு ஏன் வற்றவில்லை என்பதுதான் அவளுக்கு விளங்கவில்லை. ஒரு நாள் அவளே கிழங்கை எடுத்துக்கொண்டு அஞ்சலை கடைக்குப் போனாள்.

அஞ்சலை வாய் நிறையப் பேசினாள். அண்ணன் மாதிரி கட்டுப்பாடு யாருக்கு வரும், அரைக் கடலைக்கு மேல் வாங்குவதே இல்லை, நான்தான் மனசு கேட்காமல் கொசுறு போட்டு அனுப்புகிறேன் என்றாள். எவ்வளவு போடுவாய் என்று சிலம்பாயி கேட்டாள். அஞ்சலை அள்ளிக் காட்டினாள். சிலம்பாயி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

வந்த வேகத்தில் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "கொசுறை ஏங்க எடை போடல?"

பொதியப்பன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். இப்படி ஒரு கேள்வியை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. "என்ன சிலம்பு, விவரம் இல்லாம பேசுற? எடை முடிஞ்ச பிறகு விழுறதுக்குப் பேருதான் கொசுறு. அதையும் எடை போட்டா அது கொசுறா? சாமான் ஆயிரும்ல?"

"தராசுல வைக்கலைன்னா வயித்துல வைக்கலைன்னு ஆயிருமா?"

"கொசுறு சும்மா வர்றது. சும்மா வர்றதுக்கு ஏது எடை?"

சிலம்பாயிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் ஜெயித்தது. "எனக்கு நீங்க வேணுங்க. பூனை வந்து உங்களைத் தூக்கிட்டுப் போனா, இந்தத் தராசை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?" என்று விசும்பினாள்.

அந்த அழுகை பொதியப்பனை உலுக்கிவிட்டது. இனி கொசுறு தொடுவதில்லை என்று அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தான். செய்ததோடு நிற்காமல் நிஜமாகவே இருந்தும் காட்டினான். அஞ்சலை அள்ளும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு ஓடி வந்துவிடுவான். வயிறு இறங்கத் தொடங்கியது. ஒரு நாள் காலை தலை போனது, தோள் போனது, பாதி வயிறும் போனது. அடுத்த நாள் முழு வயிறும் போய், இடுப்பு மட்டும் பாக்கி நின்றது. சிலம்பாயி உள்ளே படுக்கையைத் தட்டிப் போட்டாள். நாளைக்கு அமாவாசை. விடிந்தால் அவர் வீட்டுக்குள் இருப்பார் என்று அவளுக்கு உயிரே வந்தது.

சாயங்காலம் பொதியப்பன் கடைசி வேளைக் கடலை வாங்கப் போனான். நாளையிலிருந்து வீட்டுச் சாப்பாடு என்று அஞ்சலையிடம் பெருமையாகச் சொன்னான். அவளுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. நல்ல சேதி சொன்ன வாய்க்கு வெறும் அரைக் கடலையா என்று, பொந்துக்குள் சேர்த்து வைத்திருந்த முந்திரியை எல்லாம் அள்ளி அவன் முன்னால் கொட்டினாள்.

பொதியப்பன் கண்ணை மூடினான். மூக்கை மூட மறந்துவிட்டான். வறுத்த முந்திரி வாசனை. அன்போடு கொடுப்பதை வேண்டாம் என்றால் அவள் மனசு என்ன பாடுபடும் என்று ஒரு நியாயம் தோன்றியது. அப்புறம், கொசுறுதானே என்று இன்னொரு நியாயம் தோன்றியது. நியாயங்கள் தீர்வதற்குள் முந்திரி தீர்ந்துவிட்டது.

அரைக் கடலையைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் குளக்கரை வழியாக வந்தான். தவளைச் சத்தம் திடீரென்று நின்றது. திரும்பிப் பார்த்தான். நாணல் நடுவே இரண்டு பச்சைக் கண்கள்.

காட்டுப்பூனை ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள்!

பொதியப்பன் ஓடினான் பாருங்கள், அப்படி ஓர் ஓட்டம் அவன் குலத்திலேயே யாரும் ஓடியதில்லை. வாசலில் தலையை விட்டான். தலை போனது, தோள் போனது, காலையில் போன வயிறும் முக்கி முனகி ஒருவழியாகப் போனது. இடுப்பு சிக்கிக்கொண்டது. பின்பக்கமும் வாலும் வெளியே நின்றன.

"இழு சிலம்பு!" என்று அலறினான். சிலம்பாயி மீசையையும் காதையும் சேர்த்துப் பிடித்து இழுத்தாள். அவன் வரவில்லை.

பூனைக்கு அவசரமே இல்லை. மெதுவாக வந்து பாறை ஓரம் உட்கார்ந்தாள். வெளியே ஆடிக்கொண்டிருந்த வாலை இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள்.

"உள்ள போனது உன் வீட்டுக்காரிக்கு. வெளிய நிக்கிறது எனக்குக் கொசுறு" என்றாள்.

கடித்தாள். பொதியப்பன் போட்ட கூச்சலில் மலைக்கு அந்தப் பக்கம் இருந்த காக்கைகள்கூடப் பறந்தன. வலியில் துள்ளிய துள்ளலில் இடுப்புத் தோல் உராய்ந்து, ஆள் அப்படியே சரேலென்று உள்ளே போய் விழுந்தான். வால் மட்டும் வெளியே பூனையின் வாயில் இருந்தது.

சிலம்பாயி புருஷனை மடியில் போட்டுக்கொண்டு, உயிர் தப்பியதே போதும் என்று ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே பச்சிலை அரைத்துக் கட்டினாள். பொதியப்பன் கொஞ்ச நேரம் முனகினான். பிறகு மெல்லத் தலையைத் தூக்கி, மைனா எங்கேயாவது பக்கத்தில் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு, மனைவியின் காதோரம் கேட்டான்.

"வால் போயிருச்சே சிலம்பு, எடை கொஞ்சம் குறைஞ்சிருக்கும்ல?"

சிலம்பாயி பச்சிலைக் கட்டைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டினாள்.

தராசில் வைக்காமல் தின்றதைத் தராசு விட்டாலும் வயிறு விடாது.