இலையை மூடுவதற்குள்

வெளிநாட்டிலிருந்து ஆங்கில ஆசிரியர்களை வரவழைக்கும் அரசுத் திட்டத்தில் ஹெலன் எங்கள் பள்ளிக்கு வந்து இறங்கினார். அன்றைக்கே தற்காலிக ஆங்கில ஆசிரியர் மாசிலாமணியின் வேலைக்கு வேட்டு வைத்தார் திட்ட அதிகாரி சொக்கநாதன். அதுவும் வரவேற்பு விருந்துப் பந்தியில், எல்லோர் முன்னாலும்.

“இங்கிலீஷ் உன் தாய்மொழியாய்யா? இல்லையே. நாளையிலிருந்து வராதே.”

“தாய்மொழியா இருந்தாத்தான் சொல்லிக்கொடுக்க முடியுமா சார்?”

அதிகாரிக்கு முகம் கறுத்தது.

“இல்லேன்னு நிரூபி பார்ப்போம். நான் இலையை மூடுறதுக்குள்ள!”

அப்போதுதான் ரசம் வந்தது. ஹெலன் ஸ்பூனைத் தேடினார்.

“சார் பிறந்ததிலேருந்து கையால சாப்பிடுறவங்க. மேடத்துக்குச் சொல்லிக்கொடுங்களேன்,” என்றார் மாசிலாமணி.

“இதுல என்ன இருக்கு? இப்படி எடுத்து, இப்படிப் போடணும்.”

அதிகாரி திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினார். ஹெலனுக்கு ஒவ்வொரு முறையும் முழங்கை வரை வழிந்தது.

மாசிலாமணி எதிரே குந்தினார். விரல் நுனிகளைக் குவிக்க ஆங்கிலத்தில் சொன்னார். சோறு உள்ளங்கையைத் தொடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வாயருகே வந்ததும் கட்டைவிரலால் தள்ளச் சொன்னார். ஒரு பருக்கை சிந்தாமல் கவளம் உள்ளே போனது.

“நீ மட்டும் எப்படிய்யா?” என்றார் அதிகாரி.

“நான் பிறவியிலேயே இடக்கை சார். அடி வாங்கித்தான் சோத்துக்கைக்கு மாறினேன். சோறு எங்கே நழுவும்னு நழுவவிட்டவனுக்குத்தானே தெரியும்?”

அதிகாரியிடம் தமிழில் சொன்னவர், பந்தியில் நடந்த பேச்சு எல்லாவற்றையும் ஹெலனுக்காக ஆங்கிலத்தில் ஒருமுறை சொன்னார்.

ஹெலன் அதிகாரியின் பக்கம் திரும்பினார். “எனக்கு ஆங்கிலம் எப்படி வந்ததென்று எனக்கே தெரியாது. இவர் இல்லாமல் வகுப்புக்குள் போகமாட்டேன்.”

மோர் வருவதற்குள் அதிகாரி இலையை மூடிவிட்டார்.